ஒரு வாரம் உள்ளே, ஒரு வாரம் வெளியே

டாக்டர் சவரிமுத்து இறந்துவிட்டார் என்பதை உங்களில் பெரும்பாலோருக்குச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில் உட்கார்ந்து டிரங்க் கால் பதிவு செய்து, லைன் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஓசூரில் இருக்கும் நம் நண்பர் விஷயத்தைக் கேட்டதும், "நீங்களா சொல்றீங்க?" என்று கேட்டார். சவரிமுத்து போனது ஓர் அதிர்ச்சி என்றால், அதை நான் சொல்கிறேன் என்பது அவருக்கு இன்னோர் அதிர்ச்சி. எங்களோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், சாவைப் போய்ச் சொல்கிற வேலை எங்கள் ஆஸ்பத்திரியில் சவரிமுத்துவுடையது. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

நான் பயந்தவள். அஞ்சலி எழுதும்போது எழுதுகிறவள் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். ஆனால் என் பயத்தையும் அவர் பயத்தையும் சொல்லாமல் சவரிமுத்துவைப் பற்றி எழுதினால் அது யாரோ ஒரு நல்ல டாக்டரைப் பற்றி எழுதியதாகிவிடும். நல்ல டாக்டர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பயந்துகொண்டே தினமும் வேலைக்கு வந்த டாக்டரை நான் ஒருவரைத்தான் பார்த்தேன்.

எண்பதுகள் பிறந்த புதிதில் நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அடிபட்டவர்களை முதலில் கொண்டுவருவது எங்களிடம்தான். அறக்கட்டளை ஒன்று நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. இரண்டே டாக்டர்கள், அவரும் நானும். பிரசவம், பாம்புக்கடி, பேதி, காய்ச்சல் எல்லாம் உண்டு என்றாலும் எங்களை ஆட்டிவைத்தது ரோடுதான். பிரேக் பிடிக்காத லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே இறங்கும். அந்தச் சத்தம் நின்றால் தப்பித்துவிட்டான் என்று அர்த்தம், அல்லது விழுந்துவிட்டான் என்று அர்த்தம். எது என்று தெரியக் கொஞ்ச நேரமாகும். குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருக்கும்போதுகூட என் காது ரோட்டில்தான் இருக்கும். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படி ஒரு பைத்தியம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சவரிமுத்துவைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியாது. ஆள் நல்ல உயரம். அதியமான்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பேச்சு நிதானம். நோயாளி என்ன கத்தினாலும், "சரிங்க, சரிங்க, மொதல்ல உக்காருங்க" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நோயாளிகள் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அவரிடம் போய் ஆறுதல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். என்னை அவர் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார், நான் அவரைவிட இளையவள் என்றாலும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேலாகியும் அவர் ஓ.பி.க்கு வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் ஆஸ்பத்திரி ஜீப் நிற்கிறது, அவர் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். முந்தின வாரம் முழுக்க விபத்து மேல் விபத்து. வேன் ஒன்றில் கோயிலுக்குப் போய்த் திரும்பிய குடும்பத்தில் குழந்தைகள் உட்பட ஒருவரையும் எங்களால் காப்பாற்ற முடியாமல் போயிருந்தது. நான் ஜீப் பக்கத்தில் போய், என்ன சார், இங்கேயே கச்சேரி வைத்துவிட்டீர்களா, உள்ளே ஜனம் கத்துகிறது என்று எரிந்து விழுந்தேன். அவர் கைப்பிடி மேல் கையை வைத்திருந்தார்.

"கதவத் தொறக்கணும்னு நெனைக்கிறேங்க டாக்டரம்மா. கை வரமாட்டேங்குது" என்றார்.

பக்கவாதமோ என்று நான் பதறிப்போய் அங்கேயே வைத்துச் சோதித்தேன். ரத்த அழுத்தம், நாடி, கை கால் பலம் எல்லாம் சரியாக இருந்தன. கண்ணில் மட்டும் அப்படி ஒரு பயம். மாடு கசாப்புக்கடை வாசலில் நின்றுவிடுமே, அது மாதிரி. நானே கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கி, ஆபீஸ் அறையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு முழுதும் நான் ஒருத்தியே பார்த்தேன். இந்த நோய்க்கு இப்போது ஆங்கிலத்தில் ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். அப்போது எங்களிடம் இருந்த ஒரே வார்த்தை "டயர்டு". அதற்கு ஒரே மருந்து லீவு.

லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டு வந்தவர் முன்னைவிட மோசமாக வந்தார். "வேலை இல்லாம உக்காந்திருந்தா செத்தவங்கல்லாம் வரிசையா வராங்க. இங்கயாவது அடுத்த ஆளு வந்து அவங்கள நகத்திவிடுறான்" என்றார். இவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்தக் கணவாயை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வேன்? அவர் மேல் இருந்த அக்கறையைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி கிணற்று மோட்டார் எரிந்துபோனது. சொட்டுத் தண்ணீர் இல்லை. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, கூடவே நின்று, எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றி, மோட்டாரைக் கிணற்றில் இறக்கி, மறுபடி தண்ணீர் வரும்வரை சவரிமுத்து கிணற்றடியிலேயே கிடந்தார். குழாயில் தண்ணீர் வந்தபோது அவர் சட்டையெல்லாம் கிரீஸ். சமையற்கட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கி, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "டாக்டரம்மா, நான் வேலைய வுட்டுப் போகலீங்க. ஆனா ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார்.

ஏற்பாடு இதுதான். ஒரு வாரம் ஒருவர் உள்ளே, நோயாளிகளோடு. மற்றவர் வெளியே. மறுவாரம் மாறிக்கொள்வது. வெளியே இருப்பவர் மருந்து வாங்க சேலம் போவார், ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவருவார், கூரை ஒழுகல், ஜெனரேட்டர், சமையற்கட்டுச் சண்டை, தடுப்பூசிக் கூட்டம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் பார்ப்பார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பைத் தொடக் கூடாது. வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தலை போகிற அவசரமானாலும் உள்ளே இருப்பவர் கூப்பிட்டால்தான் வரலாம். இந்தக் கடைசி விஷயத்தில் அவர் ரொம்பக் கறாராக இருந்தார். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் முழுக்கத் திறந்துகொள்ளும் என்று பயந்தார். அறக்கட்டளைக்காரர்கள், டாக்டர் செய்கிற வேலையா இது என்று முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு பேரும் இருக்க வேண்டுமா, ஒருவரும் வேண்டாமா என்று நான் கேட்டேன். நான் கேட்ட விதத்தில் பயந்துபோய் ஒத்துக்கொண்டார்கள்.

ஜனங்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச காலமானது. பாலக்கோட்டிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஓர் அம்மாள், சவரிமுத்து ஏணி மேல் நின்று ஓடு மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவரு பரீட்சையில பெயிலாயிட்டாருங்களா?" என்று சிஸ்டர் சகாயத்திடம் ரகசியமாகக் கேட்டாராம். சகாயம் எங்கள் தலைமை நர்ஸ். அவர் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சவரிமுத்துவும் சேர்ந்து சிரித்தார். என் வெளி வாரங்களில் நான் சிலிண்டரை சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததுண்டு. கரண்டுக் கம்பம் மாற்றுவதற்காக அதிகாரி ஒருவரோடு வாசலில் நின்று சண்டை போட்டதுண்டு. அந்தச் சண்டை போட்ட அன்று நான் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். ரோடு காதில் விழவில்லை.

சாவைச் சொல்கிற வேலை இதில் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் போய்விட்டால் போய்விட்டான் என்று சொல்லமாட்டார்கள். "நாடி கொஞ்சம் இருக்கு, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சேலத்திலோ தர்மபுரியிலோ யாரோ ஒரு டாக்டர் சொல்லிக்கொள்வார். அடி, உதை, கண்ணாடி உடைவது எல்லாம் அங்கே நடக்கட்டும் என்பதுதான். உயிரில்லாத மனிதனின் காலைத் தேய்த்துக்கொண்டே அவன் மனைவி அத்தனை தூரம் போவாள். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

என் உள் வாரம் ஒன்றில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். வெளியே அவள் அண்ணன் தம்பிகள் ஏழெட்டுப் பேர். நான் கை கழுவிக்கொண்டே நின்றேன். சோப்புப் போட்டு, கழுவி, மறுபடி சோப்புப் போட்டு. கதவைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சகாயம் வண்டியை எடுக்கச் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். அதற்குள் வெளி வாரத்தில் இருந்த சவரிமுத்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். உள்ளே வரவில்லை. "போயிட்டாங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் நேராக அவர்களிடம் போனார். யார் மூத்தவர் என்று கேட்டு, அவரை உட்கார வைத்து, தானும் எதிரே தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, இறந்துவிட்டாள் என்று சொன்னார். சீரியஸ், கைமீறிவிட்டது, ஆண்டவன் கையில் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அவர் பேசியது எனக்குக் கேட்டது. அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

பிறகு என்னிடம் வந்து, உள்ளே கை வைத்தவரே வெளியேயும் வந்து சொல்வது மனுஷனால் ஆகிற காரியம் இல்லை, அதனால் அதுவும் வெளி வாரத்து வேலையாக இருக்கட்டும் என்றார். நான் பேரம் பேசினேன். அவருக்குக் கோர்ட்டு என்றால் நடுக்கம். வக்கீல் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோர்ட்டு முழுக்க என்னுடையது, சொல்வது முழுக்க உங்களுடையது, யார் வாரமானாலும் சரி என்றேன். தன் உள் வாரத்திலும் தானே சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தே அவர் ஒத்துக்கொண்டார். அப்படித்தான் அது அவருடைய வேலையானது.

அந்த வேலைதான் அவரைக் கிட்டத்தட்டக் கொன்றது. தக்காளி சீசனில், மத்தியான நேரம், தர்மபுரியிலிருந்து சேலம் போன பஸ் ஒன்று கணவாயில் சாய்ந்தது. என் உள் வாரம். முக்கால்வாசிப் பேரை அப்படியே சேலத்துக்கு அனுப்பிவிட்டோம். எங்களிடம் தங்கியவர்களில் இருவர் எங்கள் ஆட்கள்தான். எங்கள் காம்பவுண்டுச் சுவரைக் கட்டிய கொத்தனார்கள், பச்சியப்பனும் கோவிந்தனும். சேலத்தில் ஏதோ வேலைக்காகச் சேர்ந்து போயிருக்கிறார்கள். ஒருவருக்கு வரும்போதே உயிர் இல்லை. முகம் வீங்கி ரத்தம் அப்பியிருந்தது. அவரைப் பக்கத்து அறையில் கிடத்திவிட்டு, உயிரோடு இருந்தவர்களைப் பார்க்க நான் ஓடினேன். கிடத்தப்பட்டவர் தோளில் ஒரு காக்கிப் பை மாட்டியிருந்தது. கரண்டியும் மட்டப்பலகையும் வைத்த பை. அது பச்சியப்பனுடையது என்று சகாயத்துக்குத் தெரியும். சுவர் கட்டிய மாசமெல்லாம் அந்தப் பையைப் பார்த்தவர்தான். வாசலில் நின்ற சவரிமுத்துவிடம், பச்சியப்பன் போய்விட்டார் என்று சொன்னார்.

இரண்டு குடும்பமும் ஒரே டிராக்டரில் வந்து இறங்கியிருந்தார்கள். சவரிமுத்து வழக்கப்படி தரையில் உட்கார்ந்து, பச்சியப்பன் மனைவி சின்னத்தாயியிடம் சொன்னார். அவள் போட்ட சத்தம் வார்டுக்குள் என் முதுகில் அறைந்தது. கோவிந்தன் மனைவி காவேரி அவளைக் கட்டிப்பிடித்து மடியில் போட்டுக்கொண்டாளாம். முந்தானையால் முகத்தைத் துடைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "அழுவாதக்கா, என் வூட்டுக்காரரு எந்திரிச்சு வரட்டும், உன்ன நாங்க வுட்டுருவமா" என்று தேற்றினாளாம்.

உள்ளே நான் கால் முறிவுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்த மனிதர் கண் விழித்தார். தலையில் பெரிய கட்டு, முகம் பாதி மறைந்திருந்தது. "என் பை எங்கீங்க?" என்றார். "எனக்கு சீட்டு கெடைக்கல. கோவிந்தன் கையில குடுத்திருந்தேன்."

நம் ஊர் பஸ்ஸில் இது தினமும் நடப்பது. நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்கக்கூட வேண்டாம். கோவிந்தன் பச்சியப்பனின் பை சறுக்காமல் இருக்க அதைத் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் கிடப்பது கோவிந்தன். வார்டுக் கதவுக்கு ஓடி சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சுவர் கட்டும்போது கோவிந்தனோடு சேர்ந்து டீ குடித்தவர் அவர். உள்ளே வந்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால், எவ்வளவு வீங்கியிருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் வெளி வாரம் என்பதால் அவர் உள்ளே வரவில்லை.

அன்றைக்கு முதல் தடவையாக அவர் வெளி வாரத்தில் உள்ளே வந்தார். பக்கத்து அறைக்குப் போய், துணியை நனைத்து அந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போனார். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"சின்னத்தாயி, நான் தப்பாச் சொல்லிட்டேன். பச்சியப்பன் உசுரோட இருக்காரு. காவேரி, கோவிந்தன் இறந்துட்டாரும்மா."

காவேரி அழவில்லை. மடியில் கிடந்தவளைப் பார்த்தாள். சின்னத்தாயி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதை முந்தானையால் மூடப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். காவேரியின் சொந்தக்காரர்கள், உயிரோடு வந்தவனைக் கொன்றுவிட்டு ஆளை மாற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டுப் பாய்ந்தார்கள். கல் விழுந்தது, கண்ணாடி எல்லாம் போனது. நானும் சகாயமும் நோயாளிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சவரிமுத்து மட்டும் வாசலிலேயே, தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். போலீஸ் வந்து தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் அதியமான்கோட்டைக்குப் பஸ் பிடித்துப் போனேன். அவர் மனைவி பிலோமினா பள்ளிக்கூட டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், அவரைத் திட்டிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வார்டுக்குப் பயந்து வெளியே ஓடி வந்தோம், இப்போது வெளியேயும் அதேதான் இருக்கிறது, இனி எங்கே போவது என்று என்னைக் கேட்டார். சட்டம் போட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்றும் சொன்னார். இந்த ஆள் அவ்வளவுதான், முடிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் அழுதேன். பாதி அவருக்காக, பாதி எனக்காக.

இரண்டு நாள் கழித்து அவர் வந்து நின்றார். முதல் நாள் காவேரி வீட்டுக்குப் போயிருந்தாராம். அடிப்பார்கள் என்று தெரிந்தே போயிருக்கிறார். யாரும் அடிக்கவில்லை. காவேரி தண்ணீர் கொடுத்தாளாம். அவள் சொன்னதை அவர் என்னிடம் அப்படியே சொன்னார்:

"உம்மேல எனக்குக் கோவம் இல்லீங்க சாமி. நீ பாத்துச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அவ சிரிச்சா பாருங்க, அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

அதைச் சொல்லிவிட்டு அவர், "ஏற்பாட்ட வுட வேணாங்க டாக்டரம்மா. ஒண்ணு மட்டும் மாத்திக்கலாம். சொல்லப் போறவன் மொதல்ல உள்ள வந்து மொகத்தப் பாத்துட்டுத்தான் போவணும்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தார். ஸ்டெதஸ்கோப் இல்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். இறந்தவர் முகத்தைக் குனிந்து பார்ப்பார், பெயரைக் கேட்டுக்கொள்வார், போவார். பயம் விட்டுப்போச்சா சார் என்று ஒரு நாள் கேட்டேன். "அது எங்கீங்க போவுது? கூடவே வருது. வரட்டும், ஒரு வாரம் உள்ள, ஒரு வாரம் வெளிய, அதுக்கும் எடம் மாறட்டும்" என்றார். ஏணியிலிருந்து பெயிண்ட் அடித்துக்கொண்டே சொன்னார்.

போன மாசம் அவர் போனதும் வெளி வாரத்தில்தான். கணவாய்க்குக் கீழே சாப்பாட்டுக் கடைகளில் லாரி டிரைவர்களை உட்கார வைத்து, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போடாதீர்கள் என்று பேசுவது அவருடைய சமீபத்திய வேலை. அன்று காலை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எங்கள் டிரைவர் மாதையன் அவரை வேனில் போட்டு எங்களிடமே கொண்டுவந்தான். ஓ.பி. நிறைய ஜனம். நான் நெஞ்சை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் சகாயம்தான் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். சவரிமுத்துவுக்கு ஐம்பது வயது ஆகவில்லை.

பிலோமினாவிடம், சவரிமுத்துவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்ல ஆள் அனுப்பியிருந்தார்கள். பிலோமினா வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாதையன் பின்கதவு வழியாக வந்து, அழுதுகொண்டே, "அம்மா, வண்டி ஸ்டார்ட்டுலதான் இருக்குது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாங்க. அங்க சொல்லிக்குவாங்க" என்றான். நான் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. வண்டியில் ஏற்றிவிட்டால் போதும். பிலோமினா அவர் காலைத் தேய்த்துக்கொண்டே தர்மபுரி வரை போவார். அப்படி நினைத்ததும் எனக்கு அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

சவரிமுத்து முகத்தை நான் அத்தனை நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். பிறகு கதவைத் தாண்டினேன். பிலோமினாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உட்காராவிட்டால் விழுந்திருப்பேன். "பிலோமினா, சவரிமுத்து இறந்துட்டாரு" என்றேன்.

அவருக்கு அழுகை வரவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீங்க மொகத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "பாக்காம சொல்லாதீங்க டாக்டர். பாத்தீங்களா?"

"பாத்தேங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அழுதார்.

அடுத்த திங்கள் ஏற்பாட்டின்படி என் வெளி வாரம். உள்ளே உட்கார ஆள் இல்லை, நானே உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரமும் நானே. ஹாரன் சத்தத்துக்குக் காது மறுபடி நிமிர ஆரம்பித்துவிட்டது. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் இல்லை. ஆனால் எடுத்துக்கொண்டேன்.

சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஏற்பாடுதான். அதை ஒற்றை ஆளாக வைத்துக்கொள்ள வழியில்லை, இரண்டு பேர் வேண்டும். இதைப் படிக்கிற உங்களில் பலர் டாக்டர்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவர் மேல் மரியாதை இருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். மரியாதை இருக்கட்டும், யாராவது ஒருவர் வாருங்கள். எந்த வாரம் வேண்டுமோ நீங்களே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்கும் நானே போகிறேன். யார் வாரமானாலும், வெளியே போய்ச் சொல்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.